மச்சானுக்கு ஒரு பக்கம் போதும்

காற்று செத்துக் கிடக்கிற நாளில் எங்கள் கரையில் எவனும் துப்பாக்கியைத் தொடமாட்டான். அசையாத காற்றில் ஒரு வெடிச்சத்தம் குடா முழுக்கக் கேட்கும். மேய்கிற காட்டு வாத்துகள் ஒன்றுவிடாமல் எழும்பிப் போய்விடும். போனது போனதுதான், அந்த வசந்தம் முடிந்தது. அதனால் எந்தக் காற்றில் சுடலாம், வாத்துக்குத் தெரியாமல் பதுங்கிச் சுடுகிற மறைவுகளில் யார் எதில் உட்காரலாம் என்பதெல்லாம் வேட்டைத் தலைவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் முகாமுக்குத் தலைவர் சைலஸ். அவர் பேசினால் சட்டம், பேசாவிட்டால் அதைவிடப் பெரிய சட்டம்.

போன வசந்தத்தில் அப்படியொரு நாளில் வெடி கேட்டது. சுட்டவன் கிளிஃபர்ட். அந்த நேரம் அவனுடைய மாமா மகன் ஹோசியா விறகு வெட்ட அதே பக்கம் போயிருந்தான். கிளிஃபர்ட் முந்திக்கொண்டு முகாமுக்கு வந்து, "ஹோசியா மச்சான் அங்கதான் போனாரு, நான் எதுவும் சொல்லல," என்றான். எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் படுபாவி. சைலஸ் மறைவில் ஹோசியாவுக்கு இருந்த இடத்தைப் பறித்துவிட்டார். மறைவில் உட்கார உரிமை இல்லாத ஆண்பிள்ளையாக, மற்றவர்கள் சுட்ட நாலைந்து வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டு அந்த வசந்தத்தை அவன் கழித்தான். இந்த வருஷமும் அவனை மறைவுக்குக் கூப்பிடவில்லை.

ஹோசியா ஒரு வருஷம் அதை மென்றான். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

இலையுதிர்காலத்தில் கிளிஃபர்ட் ஊர்ச் சபைத் தேர்தலில் நின்றான். தெருவெல்லாம் பிளாஸ்டிக் அட்டை நட்டான். அட்டை நிறைய அவன் மூஞ்சி, கீழே 'சொன்ன சொல் தவற மாட்டேன்'. தோற்ற மறுநாள் அட்டைகளைக் குப்பைமேட்டில் எறிந்தான். ஹோசியா போய் நாற்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"இவன் மூஞ்சிய வீட்டுக்குள்ள ஏன் கொண்டுவர்ற? தெருவுல பாத்தது போதாதா?" என்றாள் அவன் மனைவி மின்னி.

"நிஜ வாத்தை ஏமாத்தி இறக்குற பொய் வாத்து செய்யப்போறேன்."

"உனக்குத்தான் மறைவே இல்லையே."

"இருக்கட்டும்."

குளிர்காலம் பூராவும் வெட்டினான். தலை குனிந்து மேய்கிற வாத்து, கழுத்தைச் சிறகுக்குள் செருகித் தூங்குகிற வாத்து, ஒன்றிரண்டு மட்டும் தலை நிமிர்ந்த காவல் வாத்து. உடம்புக்குப் பழுப்பு, கழுத்துக்குக் கறுப்பு, கன்னத்துக்கு வெள்ளை. நாற்பதையும் அடுக்கினால் ஒரு கையில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். கிளிஃபர்ட் கடையில் வாங்கிய பொம்மை வாத்துகளை இழுக்க ஒரு பனிவண்டி தேவைப்பட்டது. முகாமில் அதைக் காட்டிக் காட்டியே அவன் பாதி நாளை ஓட்டினான்.

ஒரு பக்கம்தான் வர்ணம் அடித்திருந்தான் ஹோசியா. மின்னி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம்?"

"வாத்து சுத்திச் சுத்திப் பாக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் வேணும். மச்சானுக்கு ஒரு பக்கம் போதும்."

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். "காத்து இல்லாத நாளா?" என்றாள். அவன் தூரிகையைக் கழுவப் போனான்.

மே மாதத்தில், பனி இன்னும் உருகி முடியாத நேரம், காற்று சுத்தமாக நின்ற ஒரு காலை வந்தது. இன்று யாரும் வெளியே போகவேண்டாம் என்றார் சைலஸ். ஒரு வாரமாகச் சரியான காற்றில்லை, எல்லோருக்கும் கை அரித்தது. குடாவில் வாத்துகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. காற்று மட்டும் திரும்பட்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் குளிர்பெட்டி நிறையும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிளிஃபர்ட் அடுப்போரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஹோசியா குரலைத் தாழ்த்தினான், தாழ்த்த வேண்டிய அளவுக்கு மட்டும்.

"வில்லோப் புதர்க் குட்டை ஓரமா நாப்பது உக்காந்திருக்கு மின்னி. தூங்குது. யார்கிட்டயும் மூச்சு விட்றாத."

ஹோசியா முன்னால் போய்விட்டான். அட்டைகளைக் குச்சியில் செருகிப் பனியில் நட்டான், வர்ணப் பக்கம் முகாமைப் பார்த்து. பிறகு நாற்பதடி தள்ளி, பனிமேட்டுக்குப் பின்னால், வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தான். விரிப்பில் கண்ணுக்கு மட்டும் ஓர் ஓட்டை.

ஒருமணி நேரம் கழித்துப் பனியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு நகர்ந்து வந்தது. இரண்டு குச்சியில் கட்டிய துணி, அதை முன்னால் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து வருகிறான் கிளிஃபர்ட். நன்றாகத்தான் ஊர்ந்தான், கைகாரன். திரும்பிப் போய்விடுவானோ என்றுதான் ஹோசியா பயந்தான்.

அவன் போகவில்லை. சுட்டான்.

ஒரு வாத்தும் எழும்பவில்லை. மறுபடி சுட்டான். தூங்கியது தூங்கியபடியே இருந்தது. எழுந்து நின்று மூன்றாவது முறையும் சுட்டான். அப்புறம்தான் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு நடந்து வந்து ஒரு வாத்தைப் பிடுங்கித் திருப்பினான். அவனுடைய மூஞ்சி அவனைப் பார்த்துச் சிரித்தது, கன்னத்தில் நாலு ஓட்டையோடு.

ஹோசியா விரிப்பை உதறி எழுந்தான். "ஓட்டு நல்லா விழுந்திருக்கு மச்சான்," என்றான்.

வருஷம் முழுக்க அடைத்துவைத்த சிரிப்பு வயிறு வலிக்க வந்தது. அது பாதியில் நின்றது. குடா மொத்தமும் இரைந்தது. சதுப்பிலிருந்தும் குட்டைகளிலிருந்தும் தீவுகளுக்கு அப்பாலிருந்தும் நிஜ வாத்துகள் எழும்பின. வானம் கறுத்து, வடக்கே நகர்ந்து, வெளுத்தது.

முகாமில் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். ஹோசியா அட்டைகளைச் சைலஸ் காலடியில் பரப்பினான், மூஞ்சிப் பக்கம் மேலே இருக்கும்படி. கிளிஃபர்ட் என்ன சொல்வான், ஓட்டைகளே சொல்லிவிட்டன.

சைலஸ் குனிந்து ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "போன வருஷமும் நீதானா?"

கிளிஃபர்ட் ஆமென்று தலையாட்டினான்.

"ஹோசியா, உன்மேல தப்பில்ல. தப்பு என்னோடது," என்றார் சைலஸ், எல்லோர் காதிலும் விழும்படி. ஒரு வருஷமாக ஹோசியா கேட்கத் துடித்த சொல் அது. கேட்டுவிட்டான்.

சைலஸ் இன்னும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் சுடுவான்னு தெரிஞ்சுதானே நட்ட?"

"ஆமா மாமா."

"காத்து இல்லன்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப இன்னைக்கு சுட்டது ரெண்டு பேரு," என்றார் சைலஸ். "ரெண்டு பேருக்கும் மறைவு கிடையாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும்."

இரண்டு நாளில் காற்று திரும்பியது, அருமையான காற்று. ஆண்கள் மறைவுகளில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பெரிய கூடாரத்துக்குள் அடுப்போரம் ஹோசியாவும் கிளிஃபர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இறகு பிடுங்குவது அவர்கள் வேலை, பிடுங்க ஒன்றும் இல்லை. மின்னி தகர டப்பாவைத் திறந்து, பன்றிக்கறியை ஆளுக்கொரு கரண்டி தட்டில் போட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் வெட்டியிருந்த மச்சான்," என்றான் கிளிஃபர்ட். "மூணாவது வெடிவரைக்கும் நம்பினேன்."

ஹோசியாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனைக்கும் பிறகு அது இனிக்கிறதே என்று தன்மேலேயே அருவருப்பும் வந்தது. நெருப்புக்கு மேலே, வாத்து தொங்கிச் சுற்றிச் சுற்றி வேக வேண்டிய கயிறு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு தகரக்கறியைத் தின்றார்கள்.