பவனியில் வெட்டிய பகுதி

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், மாத்தளைப் பிரதான வீதியில் மார்ஜரி நடத்திவந்த வீடியோக் கடைக்கு, நாவுலப் பாதையிலுள்ள கொக்கோத் தோட்டத்தைச் சேர்ந்த சவரியம்மா, தோட்டத்துத் திருநாள் முடிந்து அங்கே வாங்கிச் சென்ற வீடியோ இறுவட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இறுவட்டில் பழுது எதுவும் இல்லை. அளவுக்கு மீறி அழகாக இருந்ததுதான் அதன் குற்றம்.

சவரியம்மாவின் மகன் ஒஸ்வல்ட், வெளிமாவட்டத்தில் ஒரு சாமான் கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் அங்குள்ள பொலிஸாரால் பிடிக்கப்பட்டிருந்தான். ஜூன் 15ஆம் திகதி மாலை கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சந்தேகத்துக்குரிய பொதியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவனே என்றார்கள். அந்த மாலையில் அவனோ தோட்டத்து அந்தோனியார் கோவில் திருநாளில் சொரூபம் தூக்கிக்கொண்டிருந்தான். தோட்டமே பார்த்தது, ஆனால் தோட்டத்துச் சனங்களின் வார்த்தையை அங்கே யார் எடுத்தார்கள்? ஆகவே ஒஸ்வல்டின் சட்டத்தரணி பாறூக் திருநாள் இறுவட்டை அந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். திரையின் நான்கு மூலைகளிலிருந்தும் பூக்கள் கொட்டின. சொரூபம் நீர்வீழ்ச்சிக்குள் கரைந்து மறைந்தது. பூசையின் சத்தமோ சனங்களின் பேச்சோ கேட்கவில்லை. ஆரம்பம் முதல் முடிவுவரை பக்திப் பாடல். இது எந்த வருடத்துத் திருநாளாகவும் இருக்கலாம், எப்படியும் வெட்டி ஒட்டியிருக்கலாம் என்று சொல்லி, அதிகாரி இறுவட்டை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டாராம்.

"நீங்க வெட்டின துண்டு வேணுங்கக்கா," என்றாள் சவரியம்மா. "ரோட்டுல நிப்பாட்டி செக் பண்ணினாங்களே, அந்தத் துண்டு."

மார்ஜரிக்கு அது நினைவிருந்தது. பவனி பெருவீதியைத் தொட்ட இடத்தில் காவலரணிலிருந்த பொலிஸார் வந்து மறித்தார்கள். ஆண்களெல்லாம் கைகளை உயர்த்தி வரிசையில் நின்றார்கள். சொரூபத்தைச் சுமந்தவர்களால் கையை உயர்த்த முடியவில்லை. தோளில் தண்டு இருந்தது. ஒரு பொலிஸ்காரர் அவர்களைச் சுமையோடு நிறுத்தியே சட்டைப்பை முதல் இடுப்பு வரை தடவிப் பார்த்தார். வெளிநாட்டிலிருக்கும் தங்கைக்கு அனுப்பும் படம், புனிதருக்கு முன்னால் பிள்ளைகளைத் தடவுவதை அவள் பார்க்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று கேட்டவள் சவரியம்மாதான். அவள் கேட்காவிட்டாலும் மார்ஜரி எடுத்திருப்பாள். சண்டை, வாய் நிறையச் சோற்றோடு இருப்பவர்கள், சோதனைச் சாவடி ஆகிய மூன்றும் அவளுடைய கடையிலிருந்து எந்தக் காலத்திலும் வெளியே போனதில்லை.

துண்டு இறுவட்டில் இல்லை, கணினியிலும் வைப்பதில்லை. இருந்தால் படம்பிடித்த மூல வீடியோக் கசெட்டில் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கசெட் இன்னும் அப்படியே இருக்குமா?

இறுவட்டை வாங்கிப் போனவர்களிடமிருந்து முறைப்பாடு வராவிட்டால், கசெட்டின் பெயர்த்தாளை பிளேடால் சுரண்டிவிட்டு அதை மறுபடி பாவிப்பது அவளுடைய ஒழுங்கு. அப்படிப் பாவிப்பது பெரும்பாலும் எட்டரை மணித் தொடருக்குத்தான். தொலைக்காட்சியில் போகும் அந்தத் தொடரை வீடியோ டெக்கில் பதிந்து, வார முடிவில் இறுவட்டாக்கி, மின்வெட்டில் பார்க்கத் தவறும் தோட்டத்துப் பெண்களுக்கு விற்றுவந்தாள்.

அவளுடைய கணவனின் தம்பி சிறில்தான் திருநாளைப் படம்பிடித்தவன். கசெட் எங்கே என்று கேட்டபோது அவன் டெக்கைக் காட்டினான்.

"அண்ணி, அது உள்ளதான் இருக்கு. போன வாரத்துத் தொடர் முழுக்க அதுலதான் போட்டேன். நேத்தும் போட்டேன். இன்னைக்கு ராத்திரிக்கும் டைமர் வச்சிருக்கேன்."

மார்ஜரி உடனே டைமரை நிறுத்தி, கசெட்டை வெளியே எடுத்து, இனி எதுவும் பதிய முடியாதபடி அதன் முதுகிலிருந்த சின்ன நாக்கைத் திருப்புளியால் நெம்பி உடைத்தாள். பிறகு மறுபடி உள்ளே போட்டாள்.

நால்வர் நின்று பார்த்தார்கள். நான்காமவள் அழகம்மா, சவரியம்மாவுக்குத் துணையாக பஸ் ஏறி வந்த பக்கத்து லயத்து வீட்டுக்காரி. திரையில் தொடரின் கதாநாயகி அழுதாள். சிறில் வேகமாக ஓட்டினான். அவள் வேகமாக அழுதாள். மாமியார் வந்தாள், விளம்பரம் வந்தது, மறுபடி அழுகை. மார்ஜரி மேசையிலிருந்த இறுவட்டு உறைகளை அடுக்கினாள், அடுக்கியதைக் குலைத்தாள், வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துவிட்டு வந்தாள். இராணுவ லொறி ஒன்று மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமாகப் போயிற்று.

"இந்தப் பொம்பளைக்கு அழுகைய விட்டா வேற சோலியே இல்லையா?" என்றாள் அழகம்மா.

நேற்றைய தொடர் பாதி வசனத்தில் அறுந்தது. திரை முழுதும் வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. பிறகு திடீரென்று மாலை வெயிலும், பறையும், பவனியின் முன்வரிசையும் தோன்றின. சவரியம்மா இரண்டு கைகளாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பவனி வீதிக்கு வந்தது, மறிக்கப்பட்டது. இரண்டாவது தண்டின் கீழ் ஒஸ்வல்ட், கழுத்து நரம்பு புடைக்க நின்றான். சோதித்த பொலிஸ்காரரின் முகமும் மார்பிலிருந்த இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. பூவும் இல்லை, பாட்டும் இல்லை. நாய் குரைத்தது, யாரோ இருமினார்கள்.

"அப்படியே கொடுங்க," என்றாள் சவரியம்மா.

அப்போது அழகம்மா குறுக்கிட்டாள். "அதுல முன்னுக்கு நிக்கிறது யாரு? என் மகன் அழகமுத்து. ஒங்க மகன வெளியில எடுக்குறதுக்கு என் மகன உள்ளுக்குக் காட்டிக் கொடுக்கிறதா? அங்க நிக்கிற அத்தன புள்ளைகளோட மூஞ்சியும் பொலிஸ் கைக்குப் போகும்."

போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடம் எந்தத் தமிழ் இளைஞனின் முகமும் எந்தக் கோப்புக்குள்ளும் போகாமலிருப்பதே நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

மற்ற முகங்களை மங்கலாக்கலாம் என்றான் சிறில். மார்ஜரி மறுத்தாள். ஒரு முகத்தைத் தொட்டாலும் அது வெட்டி ஒட்டிய படம் என்ற பழைய பேச்சே திரும்பி வரும். தொட்டால் ஒஸ்வல்டுக்குப் பயனில்லை. தொடாவிட்டால் அத்தனை வீட்டுக்கும் பயம். எதையும் வெட்டிச் சீர்செய்து பழகிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், மார்ஜரி சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேயிருந்தாள். சிறில் கொண்டுவந்த தேநீர் ஆறி ஆடை படிந்தது.

"திருப்பி ஒருக்காப் போடுங்க," என்றாள் அழகம்மா.

போட்டார்கள். கடைசி ஆளையும் தடவி முடித்த பொலிஸ்காரர் போகும்படி கைகாட்டினார். உடனே விலகவில்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சொரூபத்தின் அடிப்பலகையைத் தொட்டு நெற்றியில் வைத்தார். முதல் தடவை அதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. எல்லோரும் ஒஸ்வல்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழகம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"இந்த மனுசன் நம்ம பக்கத்துக் காவல்ல நிக்கிறவருதானே? மொதல்ல இவரப் போய்க் கேளுங்க. அந்தோனியாரத் தொட்டுக் கும்பிட்டவரு, பார்க்கலன்னு சொல்லுவாரா? சொன்னாருன்னா அப்புறம் என் மகன் மூஞ்சியையும் காட்டுங்க. நானே கூட வாறேன்."

சவரியம்மா அவளுடைய கையைப் பிடித்தாள். அழகம்மா கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, பதிலுக்குப் பிடிக்கவுமில்லை.

பின்னேரம் சட்டத்தரணி பாறூக் கடைக்கு வந்து துண்டைப் பார்த்தார். அங்கே வைத்து முடிவானது இதுதான். மறித்த இடம் முழுதும் பாட்டோ பூவோ வெட்டோ இல்லாமல் ஒரேயொரு இறுவட்டில் ஏற்றப்படும். அது பாறூக்கின் கையில் மட்டும் இருக்கும். எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுக்கப்படாது. வழக்கின் அடுத்த தவணையில் அந்தப் பொலிஸ்காரரை இலக்கத்தைச் சொல்லிச் சாட்சியாக அழைக்கும்படி பாறூக் நீதிமன்றத்தைக் கேட்பார். அவர் ஒப்புக்கொண்டால் படம் காட்டப்பட மாட்டாது. மறுத்தால் நீதவானின் முன்னால் மாத்திரம் காட்டப்படும். திருநாளில் சொரூபம் தூக்கியவர்களின் தாய்மார் அனைவரும் அந்தத் தவணைக்கு மன்றுக்கு வருவார்கள். இதற்கெல்லாம் மற்ற வீடுகளின் சம்மதத்தை அழகம்மா கேட்டு வருவாள். நாக்கு உடைக்கப்பட்ட கசெட் மார்ஜரியின் அலுமாரியில் பூட்டி வைக்கப்படும். அன்றிரவுத் தொடர் பதியப்படவில்லை.