நாற்பத்து மூன்று எண்கள்

நாலு மணிக்குப் போன கரண்ட் ஐந்தே காலுக்கு வந்தது. மேசையிலிருந்த, எண் கட்டைகள் பதித்த சின்னக் கணினி போர்டில் சிவப்பு எழுத்துகள் எரிந்தன. ஆனால் அதற்கு ஒன்றும் ஞாபகமிருக்காது. கரண்ட் போனால் உள்ளே ஏற்றிய எண்களெல்லாம் அழிந்துவிடும். சலோமி அதன் பக்கம் போகவில்லை. இன்றைக்கு ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அண்ணன் சிலுவைராஜ் வாங்கிய போர்டு. விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயும் வெளிச்சம் பார்க்கும் செல்லும் வைத்து ஒரு அட்டையைத் தானே பற்றவைத்து அதோடு சேர்த்திருந்தான். இருட்டினால் வாசல் விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டு நின்று எரியும். அழியாத சில்லில் எழுதித் தொலையேன் என்று அவள் திட்டும்போதெல்லாம், நாளைக்கு என்பான். ஜூன் மாதம் பட்டினச்சேரிப் படகு ஒன்றில் விளக்கு மாட்டிவிட்டு, எரிகிறதா என்று பார்க்க மீனவர்களோடே கடலுக்குப் போனான். படகு திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பின் கரண்ட் போய்வந்து முதல் தடவை விளக்கு எரியாதபோது அம்மா இருதயமேரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து, அண்ணன் நோட்டிலிருந்த நாற்பத்து மூன்று எண்களையும் சலோமி அமுக்கி ஏற்றினாள். வீட்டின் முதல் பட்டதாரி ஐந்து மாதமாக இந்தத் திருட்டு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். நாளைக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர் பட்டியலில் பெயர் கொடுங்கள் என்று சாமியார் இரண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டார். "வெளக்குப் போடுறவனுக்குப் பூசையா?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

இருக்கட்டும். இன்றைக்கு இருட்டு தெரியட்டும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் கிணற்றடியில் நின்று அண்ணன் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவளுக்குப் போர்டின் கட்டைகள் அமுங்கும் சத்தம் கேட்டது.

எழுத்துத் தெரியாத அம்மா போர்டின் முன் குனிந்திருந்தாள். "மேல ஓரம்... நடுவுல... கீழ ரெண்டாவது..."

"அம்மா."

"பேசாதடி. தப்பிப்போயிரும்."

"ஒனக்குத் தெரியுமா?"

"அஞ்சு மாசமா அடுப்படியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன். இன்னக்கி நீ விட்டுட்ட." விரல் அந்தரத்தில் நின்றது. "அவன் வெரல் வச்ச எடம்டி. கடைசி ரெண்டு எது?"

சீட்டு கைக்குள் கசங்கியது. சலோமி குனிந்து அமுக்கினாள்.

வாசலில் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நின்று எரிந்தது. படியில் செருப்பைத் தட்டி மணல் உதிர்த்துவிட்டுத்தான் அண்ணன் எப்போதும் உள்ளே வருவான். அந்தச் சத்தத்துக்காக அம்மா தலையைச் சாய்த்திருந்தாள். சலோமியும் மூச்சுவிடாமல் நின்றாள்.