கண்ணாடியின் கீழ்ப்பாதி

பழைய மூக்குக்கண்ணாடி உடைந்த அன்று, தூண் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவனுக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. குளிர்கிடங்கில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை ஏற்றிவிடக் கை வைத்ததும், குளிரில் விறைத்துப்போயிருந்த பிளாஸ்டிக் காதுக் காம்பு பட்டென்று முறிந்து கையோடு வந்துவிட்டது. இரண்டு துண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிச்சப் பெட்டிகளையும் அடுக்கி முடித்தான். அந்தக் கிடங்கில் காலம் தள்ளுகிறவனுக்கு முதலில் விரல் நுனி மரத்துப்போகும். அங்கிருந்து அது எதுவரைக்கும் ஏறுகிறது என்று அவன் தொட்டுப் பார்த்ததில்லை.

புதுக் கண்ணாடி வாங்கப் போன கடையில் இருந்த பெண், "உங்க வயசுக்கு ரெண்டு பவரையும் ஒரே கண்ணாடியில போட்டுக்கலாம்ங்க. மேல்பாதியில பாத்தா தூரம், கீழ்ப்பாதியில பாத்தா கிட்ட. நடுவுல கோடுகூடத் தெரியாது" என்றாள். சரி என்றான். அவன் வாயில் சட்டென்று வருகிற வார்த்தை அதுதான். முகமூடிக்குள் போட்டுக்கொள்ள வேண்டிய கண்ணாடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

முகமூடி என்றதும் திருட்டுத் தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். ஆலைகளும் கிடங்குகளும் விடுமுறை நாளில் தங்களுக்குள் ஆடும் பேஸ்பாலுக்குத் தூண்தான் அம்பயர். மண்ணில் பதித்த வெள்ளைத் தட்டுக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சரின் தலைக்கு மேலாகக் குனிந்து, கம்பி முகமூடி மாட்டி நிற்பான். பிட்சர் எறிகிற பந்து தட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்தால் ஸ்ட்ரைக். விலகிப் போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் வெளியே போக வேண்டியதுதான். நான்கு பால் ஆனால் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மாவே முதல் தளத்துக்கு நடக்கலாம். மூன்று தளங்களையும் சுற்றித் தட்டுக்குத் திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். எது ஸ்ட்ரைக், எது பால் என்று சொல்வது தூணின் வாய். கிடங்கில் அந்த வாயைத் திறந்தால் வெள்ளையாக ஆவி வரும், அவ்வளவுதான். இங்கே திறந்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

பந்து வரும்போது தலை அசையக்கூடாது, கண் மட்டும்தான் பந்தோடு போக வேண்டும் என்பது அவன் வேலை செய்யும் முறை. தலை ஆடினால் பந்தும் ஆடும் என்பான். தூண் என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

அன்றைக்குக் கிளம்பும்போது மனைவி வாசலில் வழிமறித்தாள். அவள் தையல்காரி. கண்ணாடிக் காம்பு நெற்றிப்பொட்டில் குத்தாமல் இருக்க, முகமூடியின் உள் மெத்தையைப் பிரித்து இரண்டு பக்கமும் பள்ளம் வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"இதைப் போட்டுக்கிட்டுப் படி இறங்கவே காலால தடவுறீங்க. இதுல பந்தைப் பாக்கப் போறீங்களாக்கும்?"

"பழகிடும்."

"எதுக்கு எடுத்தாலும் இந்த ஒரு பதில்தான். என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, பொண்ணு எப்படிடா இருக்கான்னு உங்க அம்மா கேட்டப்பவும் இதைத்தான் சொல்லியிருப்பீங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்து சேருவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

மைதானத்தில் மனைவியின் தம்பி காத்திருந்தான். அவனுக்குப் பேக்கரியில் அடுப்படி வேலை. ஆட்டத்தில் அவன் இரண்டாவது அம்பயர், தளங்களைப் பார்த்துக்கொள்வான்.

"மாமா, பேஸ்பால் சங்கச் செயலாளர் வந்திருக்காரு. நிழலா பாத்து நாற்காலி போட்டு உக்காந்தாச்சு. இன்னிக்கு நீங்க நிக்கிறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் தட்டு யாருக்குன்னு சொல்லுவாராம்."

"சரி மாப்ளே."

"என்ன சரி? உங்களுக்கு வயசாயிடுச்சு, கண்ணு போச்சுன்னு எவனோ ஓதிவிட்டிருக்கான். கொஞ்சம் பதட்டமாவது படுங்க, பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

தூண் கண்ணாடியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுத் துணியால் தேய்த்தான். முகமூடிக்குள் மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க அவன் செய்யும் வைத்தியம் அது. கிடங்கிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கண்ணாடி வெளுத்துப்போகுமே, அதற்கும் இதே வைத்தியம்தான். ஆவியைச் சமாளிக்க அவனுக்குத் தெரியும். அன்றைக்கு வந்த வினை ஆவி இல்லை.

டயர் ஆலைக்கும் சலவை ஆலைக்கும் ஆட்டம். முதல் சில பந்துகள் நெஞ்சு உயரத்தில் பளிச்சென்று வந்தன. பந்தின் தையல் கூடத் தெரிந்தது. பிறகு ஒரு பந்து தாழ்வாக வந்தது. தலை அசையவில்லை, வழக்கம்போலக் கண் மட்டும் கீழே இறங்கியது. இறங்கிய கண் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குள், மருந்துச் சீட்டு வாசிப்பதற்கென்று போட்ட பவருக்குள் விழுந்தது. பந்து பஞ்சாகிவிட்டது. அடுத்த நொடி கேட்சரின் கையுறையில் சத்தம் கேட்டது.

"ஸ்ட்ரைக்!" என்றான் தூண். வாய்தான் சொன்னது.

அடுத்த தாழ்ந்த பந்தும் பஞ்சுதான். தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தான். முகமூடியின் மெத்தை கன்னத்தில் அழுந்திக் கண்ணாடியை மேலே தள்ளியது. கீழ்ப்பாதி இன்னும் ஏறிவந்து கண்ணை மறைத்தது. சத்தத்தை வைத்துப் பால் என்றான்.

"அண்ணே, அதே இடத்துலதானே போன பந்தும் வந்துச்சு?" என்று கேட்சர் திரும்பாமலே முனகினான்.

"ஆட்டத்தைப் பாருப்பா."

அடுப்பின் நிறத்தைப் பார்த்தே ரொட்டி வெந்ததா இல்லையா என்று சொல்கிற மைத்துனனுக்கு இது தெரியாமல் போகுமா? அடுத்த பந்து விழுந்ததும் பிட்சருக்குப் பின்னால் நின்றவன் மெதுவாகத் தொப்பி முனையைத் தொட்டான். அந்தப் பந்து ஸ்ட்ரைக் மாதிரிதான் பட்டது. அடுத்தது தாழ்ந்துபோனது, அவன் முழங்காலைச் சொறிந்துகொண்டான். தொப்பி என்றால் ஸ்ட்ரைக், முழங்கால் என்றால் பால். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தட்டுக்குப் பின்னால் நிற்பவன் தான் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். அந்த வேலையின் சட்டமே அந்த ஒன்றுதான். ஆனால் தூண் மைத்துனனின் கையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கினான். வெட்கமாக இருக்கிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. பெட்டி மேல் பெட்டி அடுக்குவது போல இருந்தது.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். தட்டு கைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

ஆட்டம் முடியச் சற்று முன்னால் டயர் ஆலை ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தது. சலவை ஆலைக்காரர்கள் மூன்று தளத்திலும் ஆள் நிறுத்தியிருந்தார்கள். மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும், ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக், மூன்று பால். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவர்கள் முறை முடிந்தது. இன்னொரு பால் என்றால் எல்லோரும் ஒவ்வொரு தளம் நகர்ந்து, ஓர் ஓட்டம் வந்து, கணக்கு சமமாகிவிடும்.

பந்து தாழ்வாக வந்தது. பேட்டர் மட்டையை அசைக்கவில்லை. பஞ்சு. சத்தம்.

தூண் நிமிர்ந்து மைத்துனனைப் பார்த்தான். எறிந்த வேகத்தில் பிட்சர் அந்தப் பக்கமே சரிந்து அவனை முழுசாக மறைத்துவிட்டிருந்தான். பிட்சர் விலகியதும் மைத்துனனின் இரண்டு கையும் தெரிந்தன. தொப்பியிலும் இல்லை, முழங்காலிலும் இல்லை. லேசாக விரிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

கேட்சர் கையுறையை அசைக்காமல் நீட்டிப் பிடித்திருந்தான். பேட்டர் காத்திருந்தான். மைதானமே காத்திருந்தது.

"பால்" என்றான் தூண்.

டயர் ஆலை அணியை நடத்துகிற மேஸ்திரி கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ்! முழங்காலுக்கு மேல வந்த பந்து! எதைப் பாத்துய்யா பால்னு சொன்ன?"

தூண் இடது கையால் முகமூடியைக் கழற்றினான். "பாக்கல."

"என்னது?"

"பந்தைப் பாக்கல. பாக்காததை எப்படி ஸ்ட்ரைக்னு சொல்றது?"

மேஸ்திரி வீசிய கையை இறக்கினார். அம்பயரோடு சண்டை போட்டே வயதானவர் அவர். இப்படி ஒரு பதிலை யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆதரவுக்குச் செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா இது? ஏதாவது ஒண்ணை அடிச்சுச் சொல்லிட்டுப் போயிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரியாதுதான்."

"அப்புறம்?"

தூண் மைத்துனன் நின்ற பக்கம் கையைக் காட்டினான். "தாழ்ந்த பந்து ரொம்ப நேரமாவே தெரியலங்க. அவன் கையைப் பாத்துத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றான்.

செயலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசித்தவர் போலத் தெரிந்தது. "மிச்ச ஆட்டத்துக்கு உன் மச்சான் தட்டுல நிக்கட்டும். அடுத்த வருஷமும் உனக்குத் தட்டு கிடையாது. புரியுதா?"

"புரியுது."

மைதானத்தின் நடுவிலேயே கவசம் கைமாறியது. தூணின் நெஞ்சுக் கவசம் மைத்துனனுக்குத் தொளதொளவென்று இருந்தது. வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே அவன் பல்லைக் கடித்தான்.

"ஏன் மாமா? தொப்பியைத் தொட்டுட்டேன்னு வச்சுக்கிட்டு ஸ்ட்ரைக்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு."

"நீ தொடலயே."

"எனக்கே தெரியலயே, எங்க தொடுறது! தட்டுக்குப் பின்னால நீங்க, முன்னால நான். ரெண்டு பேரும் சேந்து ஒரு பந்தைத் தொலைச்சிருக்கோம். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க, நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"வாரை இன்னும் கொஞ்சம் இழு."

தூண் பிட்சருக்குப் பின்னால் போய் நின்றான். முகத்தில் கம்பி இல்லை, மெத்தை இல்லை, காற்று பட்டது. அடுத்த பேட்டர் அடித்த பந்து தரையோடு உருண்டது. ஓடிவந்து அள்ளிய டயர் ஆலைக்காரன் முதல் தளத்தில் நின்றவனுக்கு எறிந்தான். கையுறைக்குள் பந்து புகுந்ததும், அடித்துவிட்டு ஓடியவனின் கால் தளத்தை எட்ட இன்னும் ஓர் அடி இருக்க அந்தரத்தில் இருந்ததும், கண்ணாடியின் மேல்பாதியில் தெளிவாகத் தெரிந்தன.

"அவுட்!"

ஓடியவன் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போனான். அணிகள் இடம் மாறின. இத்தனை வருஷம் தட்டிலேயே நின்றவனுக்குத் தளங்கள் காலியானால் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று சட்டென்று பிடிபடவில்லை. நடுவிலேயே நின்றான். தட்டுக்குப் பின்னாலிருந்து மைத்துனன் முகமூடியைத் தூக்கி முதல் தளத்தின் பக்கம் கையை நீட்டினான்.

"அங்க மாமா, அங்க."

தூண் அங்கே நடந்தான்.