கர்னலின் ஏபி ரத்தம்

ஓய்வுபெற்ற கர்னல் ரடிவோயே, தன் ஏபி ரத்தத்தை ராஜவம்சச் சொத்துபோலப் பீற்றிக்கொள்வார். அந்த வகை ரத்தம் எளிதில் உறையும், அவருக்குப் புற்றுநோயும் இருப்பதால் ஆபத்து அதிகம், கால் வீங்கினால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி ஆஸ்பத்திரியில் அடைபட மனமில்லாமல், வீங்கிய காலைப் போர்வைக்குள் ஒளித்து, அறையிலேயே அடைந்து கிடந்தார்.

சந்தேகப்பட்ட மனைவி தெசங்கா, கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டுப் போனாள். குறுக்கே வீசும் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று பெல்கிரேடில் பீரங்கிக்கு அஞ்சாதவரும் நம்புவார்.

"தெசங்கா, ஜன்னலை மூடு. காத்து குறுக்கால அடிக்குது."

"கையெல்லாம் மாவு. நீங்களே எழுந்து மூடுங்க, கர்னல்."

காலை இழுத்து இழுத்துப் பாதி தூரம் வந்தார். வாசலில் அவருடைய கோட்டுடன் தெசங்கா நின்றாள். கையில் மாவே இல்லை.

"ராஜரத்தம் கால்லயே தங்கிடுச்சா? கிளம்புங்க."

"முதல்ல ஜன்னலை மூடு," என்றார் கர்னல், மூச்சுவாங்க.