ஒரே பெட்டியில் இரண்டு ஓ.எஸ்.

பழைய கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியதும் எம்பிராய்டரிக்காரி புதிதாக ஒன்று வாங்கினாள். சிக்கல் அதற்குப் பிறகுதான். துணியில் பூப்போடும் மெஷினை இயக்குகிற மென்பொருள், பழைய ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். புதியதில் அது வாயே திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கொழுந்தன் வந்து பார்த்தான்.

"இதுக்கா அண்ணி இவ்வளவு கவலை? இதுலயே ரெண்டு ஓ.எஸ்.ஸும் போட்டுடலாம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும். பழசோட லைசென்ஸ் நம்பரையே இங்கயும் அடிச்சுடறேன்."

"அப்ப பழைய கம்ப்யூட்டர்ல?"

"அதுவும் அப்படியே இருக்கட்டும். அதைத்தான் என் வீட்டுக்காரிக்குத் தர்றேன்னீங்களே."

"ஒரே நம்பர் ரெண்டு எடத்துலயா?"

"யாரு வந்து எட்டிப் பார்க்கப் போறா?"

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம்தான் அவள் ஒரு கடைக்கு விற்ற கொடி டிசைன், கேட்பாரில்லாமல் வேறு மூன்று கடைகளின் மேசைவிரிப்புகளில் படர்ந்திருந்தது. தன் பங்குக்குத் தானும் அதையே செய்வதா?

அலமாரியைக் குடைந்து, ஓ.எஸ். வாங்கிய அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே இருந்த ஒப்பந்தத்தை விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் ரயில் நீளம். கொழுந்தன் இரண்டாவது டீயையும் குடித்து முடித்தான்.

"இந்த ஓ.எஸ்.ஸைத் தனியா வாங்கினதால வேற கம்ப்யூட்டருக்கு மாத்தலாமாம். ஆனா பழசுல இருந்து எடுத்துடணும். ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில ரெண்டு ஓ.எஸ். இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ் வேணும். புது ஓ.எஸ்.ஸுக்கு கம்ப்யூட்டரோடவே வந்துடுச்சு. பேக்கப் ஒண்ணு வச்சுக்கலாம், ஆனா கெட்டுப்போனா திரும்பப் போட மட்டும்தான்."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் அண்ணி நீங்க. சரி, அவளுக்கு வெறும் டப்பாவையா கொண்டுபோய்க் கொடுக்க?"

எம்பிராய்டரிக்காரி ஓரகத்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அதனாலென்னக்கா? நான் லெட்டர் அடிக்கணும், மெயில் பார்க்கணும், அவ்வளவுதானே. கடையில இலவச ஓ.எஸ். போட்டுத் தர்றாரே, அதையே போடச் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் போடறவருக்கு வீட்டுக்குப் போடத்தான் கை வலிக்குதா?"

கொழுந்தனின் காது சிவந்தது. வேலையில் இறங்கினான்.

முதலில் பதினோரு வருட டிசைன்களை ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்தார்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று அவள் இருபது கோப்புகளையாவது தட்டிப் பார்த்தாள். பிறகு பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஓ.எஸ்.ஸை அழித்து, இலவச ஓ.எஸ். போடச் சொன்னாள். திரை கறுத்தபோது மனசு ஒரு கணம் சுருக்கென்றது.

பழைய ஓ.எஸ்.ஸையும் மென்பொருளையும் ஏற்றிய பின், புதிய கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த ஓ.எஸ். என்று இரண்டு வரிகளில் கேட்டது. பழையதைத் தேர்ந்தெடுத்தாள். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

முதல் இலை சிவப்பாக வந்தது. நூலை மாற்ற மறந்திருந்தாள். சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துவிட்டு, பச்சை நூலைக் கோத்தாள்.