வலப்பக்கம் போகும் பந்து

பட்டு வியாபாரி குப்புராஜ் ஆற்று மணலில் கோல்ஃப் பழகுகிறார் என்ற செய்தி, அவர் மட்டையோடு வீடு திரும்புவதற்குள் ஆரணியில் பாதித் தெருக்களைச் சுற்றிவிட்டது. பெங்களூரில் மொத்தமாகப் புடவை எடுக்கும் சேட்டு ஒருவர் கோல்ஃப் மைதானத்தில்தான் வியாபாரமே பேசுவாராம்.

"அவுரு பேசட்டும். இவுரு ஏன் மணல கொத்திகினு கீறாரு?" என்றாள் எதிர்வீட்டு அபிதகுசாம்பாள். நியாயமான கேள்விதான்.

பழக்கிவிட்டவர் சவரிராஜ். சென்னையில் இருபத்தாறு வருஷம் கோல்ஃப் பை தூக்கியவர். எந்த மட்டையை எடுப்பது, அடித்த பந்து எங்கே விழுந்தது என்று ஆடுகிறவருக்குச் சொல்லியே பிழைத்தவர். அவர் ஏன் ஊர் திரும்பினார் என்பதற்குக் குடிதான் காரணம் என்றது தெரு, சண்டை என்றது. உண்மை அவர் மனைவி அந்தோணியம்மாளுக்கு மட்டுமே தெரியும். ஐம்பதடிக்கு அப்பால் அவருக்குப் பந்து தெரிவதில்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

பெங்களூருக்குப் பை தூக்க அவரையே கூட்டிப்போவதாகக் குப்புராஜ் சொல்லியிருந்தார். இன்னொரு முறை புல்தரையில் நடக்கலாம். அதற்காகத்தான் சவரிராஜ் கண் தெரியாததை மறைத்தார்.

மறைப்பது சிரமமாகவும் இல்லை. குப்புராஜ் மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து வெட்டுவார். அப்படி வெட்டினால் பந்து வலப்பக்கம் வளைந்தே தீரும்.

"கருவேலமரத்தாண்ட, முதலாளி" என்பார் சவரிராஜ். வலப்பக்கம் நின்ற அந்த மரத்தடியில்தான் பந்து கிடக்கும்.

"இந்த நீட்டு மட்ட, டிரைவர், உங்க வெட்டுக்கு ஆவாது. ஏழாம் நம்பர் மட்டைய எடுங்க. அதுக்கு முகம் நல்லா சாஞ்சிருக்கும். பந்து மேல ஏறும், இவ்ளோ வளையாது."

"டிரைவர் இன்னாத்துக்கு வாங்கனேன், பூஜைல வெக்கவா?"

"கை அடங்கட்டும்ங்க. ஜல்தி வாணாம்."

இரண்டு மாதம் ஏழாம் நம்பர்தான். அரை வீச்சு, பிறகு முக்கால். புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, சவரிராஜே டிரைவரை எடுத்து நீட்டினார்.

குப்புராஜ் அடித்தார். சத்தம் சுத்தமாக விழுந்தது. சவரிராஜின் காது அதைக் கேட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"கருவேலமரத்தாண்ட, முதலாளி."

குப்புராஜ் சிரித்தபடி திரும்பினார். "யோவ், நூல் புடிச்சா மாதிரி நேரா போயிகினு..." சிரிப்பு பாதியில் நின்றது. சவரிராஜின் முகம் இன்னும் மரத்தின் பக்கமே இருந்தது.

"சவரி. உனுக்குக் கண்ணு தெரியலயா?"

"கிட்டத்துல தெரியும்ங்க."

"எத்தினி நாளா?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியே."

குப்புராஜ் மட்டையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"சேட்டு முன்னாடி பந்தத் தேடிகினு நிக்க முடியாதுய்யா. பைய என் மச்சான் தூக்கட்டும்."

"சரிங்க" என்றார் சவரிராஜ். பிறகு, "அங்க எதிர்காத்து அடிச்சா டிரைவர எடுக்காதீங்க. வேகமா அடிக்கத் தோணும், பழைய வெட்டு வந்துடும். ஏழாம் நம்பர்ல ரெண்டு அடியா போங்க."

குப்புராஜ் பந்தை எடுக்கத் தானே மணலில் நடந்து போனார். சவரிராஜ் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார். இறக்கி வை என்று அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.