முக்கால் இஸ்திரி

அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியில் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் உட்கார்ந்து, பூமியின் சூட்டை யார் எவ்வளவு குறைப்பது என்று நான்கு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பேச்சுதான் சூடு; மண்டபம் சில்லிட்டுக் கிடந்தது, கோட்டு இல்லாமல் உட்கார முடியாது. கீழே நிலவறையில், அவர்கள் சட்டைகளைத் துவைத்துத் தேய்க்கும் அறையில், ஆறு இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே ஒரு மின்விசிறியும் இருந்தன.

விசிறிக்கு நேர் கீழே இஸ்திரி அக்காவின் தங்கை நின்று தேய்த்தாள். ஏழு மாத வயிறு. போன வாரம் விசிறி பழுதான அன்று பொத்தென்று விழுந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, அக்காவுக்கு ஒரு கண் துணியில், ஒரு கண் விசிறியில்.

ஐந்தாம் நாள் விடியற்காலை, அன்றைய சட்டைகள் மேலே போகும் முன்பே, மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். விருந்தாளிகள் மனம் குளிர ஓட்டலும் மின்சாரத்தைக் குறைக்கிறதாம். எல்லாப் பிரிவும் சமமாக, நாலில் ஒரு பங்கு.

“உங்க பங்குக்கு இந்த ஃபேனை மணிக்குக் கால் மணி நேரம் நிறுத்திடுங்க.”

“மேல அத்தனை ஏசி ஓடுதே சார்?”

“அங்கயும் கால்வாசி குறைக்கிறோம்மா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஓரவஞ்சனையே கிடையாது.”

அவர் போனதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, யானைக்கும் அதே பனங்காய்தான் என்று சொன்னால் ஆயிற்றா?

“நாலில் ஒண்ணு குறையணும், அவ்வளவுதானே? ஃபேன் ஓடட்டும். இஸ்திரியில குறைப்போம்,” என்றாள். சட்டைக்கு முன்பக்கம், முதுகு, வலது கை, இடது கை. எண்ணிப் பார்த்தால் நாலு. “இடது கையைத் தேய்க்காம மடிச்சுடு.”

“அக்கா, வேலைக்கு உலை வெச்சுடாதே!”

“போடி, கோட்டுக்குள்ள யாரு பாக்கப்போறா?”

அங்கேதான் அக்காவின் கணக்குத் தப்பியது. ஏசியைக் குறைத்ததும் மேலே எல்லோரும் கோட்டைக் கழற்றினார்கள். ஐயோ, பெரிய பெரிய நாடுகளின் இடது கையெல்லாம் மாடு மென்று துப்பிய மாதிரி! ஏழை நாட்டுக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். ஓட்டலின் சலவைக் கூலி கட்டுப்படியாகாமல் அறையிலேயே துவைத்து உதறிப் போட்டுக்கொண்டவர்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே சுருக்கம்.

மத்தியானத்துக்குள் மேனேஜர் தடதடவென்று இறங்கி வந்தார். பின்னாலேயே ஒரு பெரிய நாட்டுக்காரர். எல்லா நாடும் சமமாகக் குறைக்க வேண்டும் என்று நான்கு நாளாகத் தொண்டை வறளப் பேசியவர் அவர்தான்.

“என்னம்மா இது கூத்து?”

“சமமாத்தான் சார் குறைச்சோம்.”

“முதல்ல அந்த ஃபேனை நிறுத்து! சாருக்கு ரெண்டு மணிக்குப் பேச்சு இருக்கு. கையைத் தேய்ச்சுக் குடு!”

அக்கா விசிறியை நிறுத்தினாள். பெரிய நாட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். ஆறு பெட்டியின் அனலும் அவர்மேல் கவிந்தது. மூன்று நிமிஷத்தில் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த தங்கை மேசையைப் பிடித்தாள்; உதடு வெளுத்துவிட்டது.  அக்கா பாய்ந்து அவளைத் தாங்கி ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு சுவிட்சுக்குத் திரும்பினால், அதன்மேல் ஏற்கெனவே பெரிய நாட்டுக்காரரின் கை இருந்தது. விசிறி சுற்றியது.

தங்கைக்கு மூச்சு சீரானதும் அக்கா பேசினாள்.

“குறைச்சதும் நீங்க கோட்டைக் கழட்டினீங்க சார். இவ எதைக் கழட்டுவா? உங்களுக்கு மிச்சத்துல குறையுது, எங்களுக்கு மூச்சுல குறையுது. இதுவா சமம்?”

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் பெரிய நாட்டுக்காரர் பாதி தேய்த்த சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு படியேறினார். “ஃபேன் ஓடட்டும்மா, நான் பாத்துக்கறேன்,” என்று முணுமுணுத்துவிட்டு மேனேஜரும் பின்னாலேயே ஓடினார்.

மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் சேதியோடு வந்தார்.

“அக்கா, உன் ஆளு பேசினாரு! ‘சமமாக’ங்கிற வார்த்தை வந்ததும் நிறுத்திட்டாரு. தண்ணி குடிச்சாரு. ரெண்டு தடவை இருமினாரு!”

“இருமினது கிடக்கட்டும்,” என்றாள் அக்கா. “வார்த்தையை மாத்தினாரா?”